பூட்டை வெட்டிய கை

மன்னிப்பு என்ற சொல்லை யாராவது எடுத்தாலே தராசுக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வரும். கடந்த ஒரு வருடமாக அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வராத ஆளில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் வந்தாள். பஸ்ஸில் தினமும் கூட வருகிற நர்ஸ் வந்தாள். யூனிபார்முக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிற தையல்காரர்கூட ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "மனசுல வச்சுக்காதம்மா, அவனும் மனுஷன்தானே" என்றார். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று இவளுடைய மன்னிப்பை எடுத்து ஊரே தாராளமாகப் பரிமாறிக்கொண்டிருந்தது. கை போனது இவள் தம்பிக்கு, பெரிய மனசு மட்டும் ஊராருக்கு.

தராசு என்பது ரொட்டித் தொழிற்சாலை அவளுக்கு வைத்த பெயர். பதினோரு வருடமாக அங்கே எடைபோடும் அறையில் வேலை. ஒரு தடவை மாவு பிசைய எத்தனை மூட்டை மாவு, எவ்வளவு உப்பு, எவ்வளவு ஈஸ்ட் என்று அளந்து, வாளி வாளியாக வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். உப்பில் ஒரு கிராம் கூடினால் திரும்பக் கொட்டி அளப்பாள். மனிதர்களையும் அப்படித்தான் அளப்பாள் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் மறுத்திருக்க மாட்டாள்.

அவளுடைய தம்பிக்கும் அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. ஞாபகம். சாப்பாட்டுப் பையை பஸ்ஸிலும், குடையை டீக்கடையிலும், ஒரு முறை தன் சம்பள நாளையே மறந்தவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? "ஞாபகம் வந்தாச்சா?" என்று யாராவது கத்தினால் ஷிப்டே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். கோபம் என்ற சாமானையும் எங்கேயோ மறந்து வைத்துவிட்டவன் அவன்.

அந்தப் புதன்கிழமை காலை அவள் டீயோடு வந்தபோது, அவன் மேஜைமேல் பழைய காலண்டர் தாள்களைக் கவிழ்த்துப் போட்டு இடது கையால் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். வலது கை மணிக்கட்டோடு முடிந்துபோயிருந்தது. அதன் நுனியால் தாளை நகராமல் அழுத்திப் பிடித்திருந்தான்.

"என்னடா எழுதுற?"

"கையெழுத்து பழகுறேன். நாளைக்குப் போடணும்ல."

"எதுல?"

"தெரியாத மாதிரி கேக்காதக்கா. சைரன் அண்ணன் திரும்ப வேலைக்கு வர்றதுல நமக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கணும். கம்பெனியில ரெண்டு கையெழுத்து கேக்குறாங்க. ஒண்ணு என்னுது. இன்னொண்ணு, புகார் குடுத்தவ நீதானே, அதனால உன்னுது."

"ரொம்ப அழகா இருக்குடா. அவன் ஒரு கையை எடுப்பான், நீ மிச்சக் கையால அவனுக்கு வேலை போட்டுக் குடுப்ப."

"அவர் எடுக்கலக்கா. எந்திரம் எடுத்துச்சு."

"எந்திரம் தானா ஓடுச்சா?"

அவன் பேனாவை வைத்துவிட்டு டீயை எடுத்தான். "நீ அவரைத் திட்டுறதை நிறுத்தினாத்தான் எனக்கு இந்த வீட்டுல தூக்கம் வரும். வலிகூடப் பழகிருச்சு. உன் திட்டு பழக மாட்டேங்குது" என்றான்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், கழுவிய பாத்திரங்களை இன்னொரு முறை கழுவினாள்.

நடந்தது இதுதான். மாவு பிசைகிற எந்திரம் ஓர் ஆள் கழுத்துவரை இறங்கி நிற்கக்கூடிய எஃகுத் தொட்டி. ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் ஒருவர் உள்ளே இறங்கி, ஓரத்தில் காய்ந்து ஒட்டிய மாவைச் சுரண்டி எடுக்க வேண்டும். இறங்குவதற்கு முன், எந்திரத்தை ஓட்டுகிற பொத்தான் அறைக்குப் போய் மின்சாரக் கைப்பிடியைக் கீழே இழுத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு சிவப்புப் பூட்டு, பூட்டில் நம்பர், சாவி கழுத்துக் கயிற்றில். யார் பூட்டோ அவரேதான் கழற்ற வேண்டும். பூட்டு தொங்குகிறவரை எந்திரம் ஓடாது. பொத்தான் அறையில் இருந்து பார்த்தால் தொட்டி தெரியாது, நடுவில் சுவர். அதனால்தான் அந்தப் பூட்டு. உள்ளே இருக்கிற உயிருக்கு அதுதான் காவல்.

ஆனால் மனிதர்கள் மறக்கிறவர்கள் ஆயிற்றே. வேலையை முடித்துவிட்டு, பூட்டைக் கழற்றாமலே வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த ஷிப்ட் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்படிப் போகிறவர்களில் முதலிடம் யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். இருபத்திரண்டாம் நம்பர் பூட்டு, ஞாபகத்தினுடையது, ஆறு மாதத்தில் மூன்று முறை அனாதையாகத் தொங்கியிருக்கிறது. அந்த மாதிரி நேரத்தில் ஷிப்ட் இன்சார்ஜ் மட்டும் பூட்டை வெட்டலாம். அதற்கும் முறை உண்டு. முதலில் அந்த ஆளுக்குப் போன் அடிக்க வேண்டும். பிறகு தானே போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வெட்டும் கத்தரியைத் தொட வேண்டும்.

அப்போது இன்சார்ஜாக இருந்தவர்தான் சைரன். இருபத்தைந்து வருடம் எந்திரச் சத்தத்தில் நின்று காது மந்தமாகிப் போனதால், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுவார். அன்றைக்கு ஷிப்ட் மாறி இருபது நிமிடம் ஆகியும் இருபத்திரண்டாம் நம்பர் பூட்டு தொங்கியது. போன் அடித்தார், எடுக்கவில்லை. போன் லாக்கருக்குள் கிடந்தது. எட்டிப் பார்க்கவில்லை. கத்தரியை எடுத்தார், வெட்டினார், பொத்தானை அழுத்தினார். உள்ளே அவன் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தான். மாவு மூட்டை தள்ளி வந்தவன் ஓடிப்போய், தொட்டிப் பக்கம் எந்திரத்தை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானைக் குத்தியதால் ஒரு கையோடு போயிற்று.

ஊருக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். விசாரணையிலும் இவ்வளவுதான் எழுதப்பட்டது.

எழுதப்படாதது ஒன்று உண்டு. அது தராசுக்குத் தெரியும், சைரனுக்குத் தெரியும்.

எடைபோடும் அறையின் ஜன்னலுக்கு எதிரே செருப்பு அலமாரி. தொழிலாளர்கள் வெளிச் செருப்பை நம்பர் போட்ட தட்டில் விட்டுவிட்டு, வெள்ளை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். அன்றைக்கு எடையறை போன் அடித்தது. "ஏம்மா, உன் தம்பி கெளம்பிட்டானா?" என்றார் சைரன். அவள் உப்பு அளந்துகொண்டிருந்தாள். நாற்காலியில் இருந்து எழவில்லை. தலையை மட்டும் திருப்பி ஜன்னல் வழியாக அலமாரியைப் பார்த்தாள். இருபத்திரண்டாம் தட்டு காலி. "போயிட்டாண்ணே. செருப்பு இல்ல" என்றாள். "இவனை வச்சுக்கிட்டு..." என்று அந்தப் பக்கம் முணுமுணுப்பு கேட்டது. போனை வைத்துவிட்டாள். உப்பு சரியாக நின்றது, ஒரு கிராம்கூடப் பிசகவில்லை.

செருப்பு வார் அறுந்துபோனதால் காலையிலேயே அதைக் குப்பைத் தொட்டியில் வீசிவிட்டு, சாயங்காலம் பூட்ஸோடு வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவன் நினைத்திருக்கிறான். அது அவளுக்கு மறுநாள் ஆஸ்பத்திரியில் தெரிந்தது. அறுவை முடிந்து மயக்கம் தெளியாத நிலையில், "அக்கா, புதுச் செருப்பு வாங்கணும்" என்று அவன் உளறினான். அவள் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

விசாரணையில் சைரனைக் கேட்டார்கள், யாரிடமாவது விசாரித்தீரா என்று. "இல்ல. நானாத்தான் முடிவு பண்ணினேன்" என்றார். அவள் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தாள், புகார் கொடுத்தவளாக. வாயைத் திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, எரிந்தது. அந்த எரிச்சல் முழுவதையும் தூக்கி அவர் தலைமேலேயே கொட்டினாள். வீட்டில், பஸ்ஸில், தெருவில், அவர் பெயர் வந்த இடமெல்லாம் திட்டினாள். எவ்வளவு திட்டியும் தீரவில்லை. கூரையில் ஓட்டை இருக்க, தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தால் எப்படித் தீரும்?

அந்தப் புதன்கிழமை மதியம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவள் பார்சல் கிடங்குக்குப் போனாள். சஸ்பெண்ட் ஆன பிறகு சைரன் அங்கேதான் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. சமாதானம் பேசப் போகவில்லை, சண்டை போடத்தான் போனாள். ஒரு வருடமாக முதுகுக்குப் பின்னால் திட்டியதில் ருசி விட்டுப்போயிருந்தது.

கிடங்கின் பின்பக்கம் அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, சட்டையெல்லாம் வியர்வை. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்து நின்றதுகூட அவளுக்குப் பிடிக்கவில்லை.

"உக்காருங்க" என்றாள். அந்த 'ங்க' வேறு. பதினோரு வருடம் பழகிய வாய், எவ்வளவு அடக்கியும் மரியாதையை நிறுத்த மாட்டேன் என்கிறது. 'அண்ணே'வை மட்டும் பிடுங்கிவிட்டாள்.

"நாளைக்குக் கூட்டம். நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"சரிம்மா" என்றார். கிடங்கு முழுக்கக் கேட்டது. தூரத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரியா? அவ்வளவுதானா? கெஞ்ச மாட்டீங்களா?"

"நீ மன்னிக்கணும்னு நான் எங்கம்மா கேட்டேன்? ஊருதான் கேக்குது. நான் ஒரு தடவையாச்சும் உன் வீட்டு வாசல்ல வந்து நின்னேனா?"

உண்மைதான், நிற்கவில்லை. அவள் வந்த வேகத்தில் அதையும் ஒரு குற்றமாகச் சேர்த்துக்கொண்டாள். "அதான் கேக்குறேன். ஏன் வரல? விசாரணையில என் பேரை ஏன் சொல்லல? போன்ல கேட்டேன், அக்காக்காரிதான் போயிட்டான்னு சொன்னான்னு ஏன் சொல்லல?"

அவர் ஈரத் தலையைத் துண்டால் துடைத்தார். "சொல்லி? எட்டிப் பாக்க வேண்டியது என் வேலை. உன் வேலை உப்பு அளக்கிறது. அந்தப் பையன் கண்ணு முழிக்கும்போது பக்கத்துல ஒரு ஆளாச்சும் வேணும்ல. உன்னையும் சேர்த்து மாட்டிவிட்டுட்டா அவனுக்கு யாரு இருக்கா?"

"அதை முடிவு பண்ண நீங்க யாரு?" இப்போது அவள் சத்தமும் கிடங்கு முழுக்கக் கேட்டது. "எனக்குப் பிச்சை போடச் சொல்லி நான் கேட்டேனா? நீங்க தியாகி ஆயிட்டீங்க. நான் திருடி ஆயிட்டேன். ஒரு வருஷமா அவன் வாயில சோறு ஊட்டுறேன். ஒவ்வொரு வாய்க்கும் அவன் 'போதும்க்கா'ங்கிறான். எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா? உங்களை வெறுக்கிறதுகூட எனக்கு முழுசா சொந்தமில்லாமப் பண்ணிட்டீங்களே!"

அவர் அவளையே பார்த்தார். பிறகு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு, அவருக்கு மெதுவான குரல் என்ற குரலில் சொன்னார்.

"நான் தியாகியும் இல்ல, மண்ணும் இல்ல. கேட்டுக்க. அன்னிக்கு எனக்கு அவன்மேல கடுப்பு. ஆறு மாசத்துல நாலாவது தடவை. அந்தப் பூட்டை வெட்டி, நோட்டீஸ் போர்டுல மாட்டி, கீழ 'ஞாபகம்'னு எழுதி வைக்கணும், நாளைக்கு வந்து எல்லாரும் சிரிக்கணும்னு நெனச்சுக்கிட்டேதான் கத்தரியை எடுத்தேன். எட்டிப் பாக்க முப்பது அடி நடக்கணும். எனக்கு நடக்கப் பிடிக்கல. அதான் உனக்குப் போன் போட்டேன். நீ 'தெரியலண்ணே'ன்னு சொல்லியிருந்தாக்கூட வெட்டியிருப்பேனோ என்னவோ. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

இத்தனை நாள் அவரை ஒரு தட்டில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தாள், இன்னொரு தட்டில் தன்னை வைக்கவே இல்லை. இப்போது இரண்டு பேரும் நாற்காலியை விட்டு எழாத ஆட்களாக எதிரெதிர்த் தட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் கோபம் குறைந்துவிட்டதா? இல்லை. பங்குபோட ஒரு ஆள் கிடைத்ததும் அது இரட்டிப்பாயிற்று.

"நாளைக்கு நான் சொல்லப்போறேன்" என்றாள்.

"வேணாம்மா. பையன் தாங்க மாட்டான்."

"அவன் தாங்குவானா மாட்டானான்னு நீங்க எனக்காக யோசிச்சது போதும்."

வியாழக்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் அம்மாவின் அறையில் நான்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மேனேஜர் அம்மா நல்ல மனுஷி. அதனாலேயே எல்லாம் சீக்கிரம் முடிந்து எல்லாரும் சந்தோஷமாக டீ குடிக்க வேண்டும் என்று விரும்புகிறவள். தாளை நடுவில் வைத்து, பேனாவை அதன்மேல் வைத்து, "பழசைப் பேசி என்ன ஆகப்போகுது? பெருந்தன்மையா ஒரு முடிவு எடுத்தா எல்லாருக்கும் நல்லது" என்றாள்.

ஞாபகம் பேனாவை இடது கையில் எடுத்தான். அக்காள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"பழசைப் பேசணும்" என்றாள். "மேடம், இவரு விசாரணையில பொய் சொன்னாரு. யாரையும் கேக்கலன்னாரு. கேட்டாரு. எடையறைக்குப் போன் போட்டு என்னைத்தான் கேட்டாரு, தம்பி போயிட்டானான்னு. நான் எந்திரிக்காம, ஜன்னல் வழியா செருப்பு அலமாரியைப் பாத்துட்டு, போயிட்டான்னு சொன்னேன். அதை நம்பித்தான் வெட்டினாரு."

சைரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் அம்மா பேனாவைத் தேடினாள். அது ஞாபகத்தின் கையில் இருந்தது.

அவன் அக்காளைத் திரும்பிப் பார்த்தான். கோபத்தை எங்கேயோ மறந்து வைத்தவன் என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு அது எங்கே இருக்கிறதென்று அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"ஒரு வருஷமாவாக்கா?" என்றான். "ஒரு வருஷமா, சோறு ஊட்டும்போது, துணி மாத்தும்போது, இவரைத் திட்டித் திட்டி என் காதைப் புண்ணாக்கினியே. அப்பெல்லாம் நீ யாரைத் திட்டின?"

பதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"போயிட்டான்னு தப்பாச் சொன்னதுக்கு நான் கோவப்பட மாட்டேன். என் செருப்பை நானேதான் தூக்கிப் போட்டேன். ஆனா எங்கிட்ட மறைச்சிட்டியேக்கா." அவன் குனிந்து தாளில் கையெழுத்துப் போட்டான். காலண்டர் தாளில் பழகிய கையெழுத்து, கோணலாக இருந்தாலும் முழுசாக இருந்தது. எழுந்து வெளியே போனான். கதவை மெதுவாகத்தான் சாத்தினான். அறைந்து சாத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மேனேஜர் அம்மா தொண்டையைச் செருமினாள். "இப்ப... நீங்க என்ன சொல்றீங்க? ஆட்சேபணை உண்டா, இல்லையா? அவரை மன்னிக்கிறீங்களா?"

"மன்னிக்கல" என்றாள் தராசு. "அந்த வார்த்தையை அந்தத் தாள்ல எங்கயும் எழுதாதீங்க. அவரையும் மன்னிக்கல, என்னையும் மன்னிக்கல. ஆனா நான் உள்ள இருந்துக்கிட்டு அவரை மட்டும் வெளிய நிறுத்தினா அது நியாயமில்ல. அவரு வரட்டும். இன்சார்ஜா இல்ல. அதே தொட்டியில இறங்கிச் சுரண்டட்டும். எனக்கு என்ன தண்டனையோ அதை எழுதுங்க. அப்புறம் இன்னொண்ணு எழுதுங்க. இனிமே எந்தப் பூட்டையும் போன்ல கேட்டு வெட்டக் கூடாது. ஒரு ஆள் நடந்து போய், எட்டிப் பாத்து, கண்ணால பாத்ததைச் சொல்லணும்."

"அதுக்கு ஆள் எங்க போறது? ஷிப்ட் மாறுற நேரத்துல எல்லாரும் பிஸியா இருப்பாங்களே?"

"என் ஷிப்ட்ல நான் போறேன்."

சைரன் அப்போதுதான் நிமிர்ந்தார். அவர் சும்மா இருந்ததே பெரிய அதிசயம்.

அவளுக்கு ஒரு மாதம் வேலையில்லை, எச்சரிக்கைக் கடிதம். அந்த மாதம் முழுவதும் தம்பி அவளோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே மேஜை. உப்பு வேண்டுமென்றால் உப்பு டப்பாவைப் பார்த்துக் கேட்பான். மழை வருகிற மாதிரி இருந்தால் கொடித் துணியிடம் சொல்வான். தானே சட்டைப் பொத்தான் போடப் பழகினான். ஒரு பொத்தானுக்கு நாலு நிமிடம் ஆகும், அவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள், அவன் திரும்ப மாட்டான். டீச்சரம்மா இப்போது கட்சி மாறி, "அவனை மன்னிக்கச் சொல்லும்மா, நீ அக்காதானே" என்று வந்தாள். "டீச்சர், எங்க வீட்டுல மன்னிப்பு ஸ்டாக் இல்ல. அடுத்த கடையில கேளுங்க" என்று கதவைச் சாத்தினாள் தராசு.

அவன்மேல் அவளுக்குக் கோபமில்லை. மன்னிக்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்பது அவளிடம் கற்ற வித்தைதானே. தனக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒரு நியாயமா?

அந்த மாதத்திலேயே கம்பெனி அவனுக்குப் பொத்தான் அறையில் வேலை கொடுத்தது. ஒரு கை போதும், பொத்தானை அழுத்த. அவன்தான் கேட்டு வாங்கினானாம். சைரனும் வந்து சேர்ந்தார், தொட்டி சுரண்டுகிறவராக, பதினேழாம் நம்பர் பூட்டோடு. அவள் திரும்ப வேலைக்கு வந்த முதல் நாள் செய்த முதல் காரியம், காலி மாவு மூட்டை ஒன்றைக் கிழித்து எடையறை ஜன்னலுக்குத் திரையாக அடித்ததுதான். இனி அந்த அலமாரியைப் பார்த்து யாரைப் பற்றியும் எதுவும் சொல்லப்போவதில்லை.

நாலாம் நாள் மதியம் ஷிப்ட் மாறி கால் மணி நேரம் ஆகியிருக்கும். போன் அடித்தது.

"பதினேழாம் நம்பர் பூட்டு தொங்குது." தம்பியின் குரல். அக்கா என்ற சொல் இல்லை. நோட்டீஸ் போர்டைப் படிப்பது போன்ற குரல். "ஷிப்ட் முடிஞ்சிருச்சு. போன் எடுக்கல. ஆள் இருக்காரான்னு பாக்கணும்."

முப்பத்துநாலு நாளில் அவன் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

"இரு. பாத்துட்டுச் சொல்றேன்" என்று போனைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு, நாற்காலியில் அப்படியே இருந்தாள். ஒளிப்பானேன், ஒரு கணம் அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. போயிட்டாருன்னு சொன்னால் என்ன? யார் கேட்கப்போகிறார்கள்? கை போனால்தான் கை போனவனின் வலி தெரியும். நினைத்ததும் உடம்பு கூசியது. பொத்தான்மேல் இருப்பது தம்பியின் கை, அவனுக்கு மிச்சமிருக்கிற ஒரே கை. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

எடையறையிலிருந்தும் முப்பது அடிதான். அன்றைக்கு யாரும் நடக்காத முப்பது அடி. ரப்பர் பூட்ஸ் ஈரத் தரையில் சளக் சளக்கென்று சத்தம் போட்டது. தொட்டியின் விளிம்பைப் பிடித்து, குதிகாலைத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

இருந்தார். அடியில் குனிந்து, முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார். மந்தக் காதுக்கு ஷிப்ட் மணி எட்டவில்லை. அவள் முட்டியை மடக்கி எஃகில் தட்டினாள். அதிர்வில் திரும்பினார். முகமெல்லாம் மாவு. மேலே அவள் தலை தெரிந்ததும், கையிலிருந்த சுரண்டுகிற தகடு நின்றது. இன்னொரு கை தானாகக் கழுத்துக்குப் போய்ச் சாவியைத் தொட்டுப் பார்த்தது. அந்தக் கையை அவள் பார்த்தாள்.

"ஷிப்ட் முடிஞ்சு கால் மணி ஆச்சு!" என்று கத்தினாள்.

"அப்படியா? கேக்கலயே!" என்று அவர் அதைவிடக் கத்தினார். பிறகு, "நீயா வந்து பாத்த?" என்றார்.

"நான்தான். இதை வேற எதுவோன்னு நெனச்சுக்காதீங்க. உள்ள ஆள் இருக்கான்னு பாக்க வந்தேன். அவ்வளவுதான்."

"நெனைக்கல" என்றார் அவர். விளிம்பைப் பிடித்து ஏற முயன்றார், வழுக்கியது. பழக்கத்தில் ஒரு கையை மேலே நீட்டினார். நீட்டிய பிறகுதான் யாரிடம் நீட்டுகிறோம் என்று தெரிந்து மடக்கப் பார்த்தார். அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. சுவரோரம் கிடந்த ஏணியை இழுத்து வந்து, தொட்டிக்குள் இறக்கி, அது ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் ஏறி வெளியே வரும்வரை பிடித்திருந்தாள்.

பிறகு சுவரில் இருந்த போனை எடுத்தாள்.

"உள்ளதான் இருந்தாரு. இப்ப வெளிய வந்துட்டாரு, என் கண்ணு முன்னாடி நிக்கிறாரு. பூட்டை அவரே வந்து கழட்டுவாரு. அதுவரைக்கும் எது மேலயும் கை வைக்காதடா."

அந்தப் பக்கம் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"சரிக்கா" என்றான்.